நிலையான இருப்பிடம்

பெரியவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இருபத்து மூன்று வருடமாக அவன் பிழைப்பு டவர் கிரேன் ஓட்டுவது. வெளிநாட்டில், நாற்பது மாடி உயரத்தில், காலை நீட்டினால் கண்ணாடியில் இடிக்கும் ஒரு கூண்டுக்குள் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். கீழே நிற்கிற சிக்னல்காரன் வாக்கிடாக்கியில் மூன்று சொல்தான் சொல்வான்: தூக்கு, இறக்கு, நிறுத்து. எதற்கு, ஏன், உனக்கு என்ன தோன்றுகிறது என்ற பேச்செல்லாம் அந்தக் கம்பியில்லாக் கருவியில் வராது. கேம்ப்பில் எந்தக் கட்டிலில் படுப்பது என்பதை சூப்பர்வைசர் சொல்வார், என்ன சாப்பிடுவது என்பதை மெஸ் காண்டிராக்டர் சொல்வார்.

வீட்டுக்கு மூத்த பிள்ளை என்பதால் பெரியவன். தம்பி சின்னவன். பெயரில்தான் பெருமையெல்லாம். தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடித்த பிறகு ஃபோன் வரும். மாடிக்குத் தளம் போட்டு அது காய்ந்த பிறகு ஃபோன் வரும். சின்னவனுக்குப் பெண் பார்த்ததும் அப்படித்தான் தெரிந்தது. பெரியவனுக்கு ஏன் இன்னும் ஆகவில்லை என்று விசாரிக்க மட்டும் ஒரு ஃபோனும் வரவில்லை. நாற்பத்தேழு வயதில் அந்தக் கேள்வியும் காலாவதியாகிவிட்டது.

வேலை பார்க்கிற நாட்டில் அவனுக்கு ஓட்டு கிடையாது. இன்னும் இருபது வருடம் இருந்தாலும் கிடையாது. அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. அது அவர்கள் நாடு, அவர்கள் பாடு. சொந்த நாட்டில் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டிருக்கிறான், விமானம் ஏறுவதற்கு முந்தின வருடம். அவன் போட்ட ஆள் கடைசி இடத்தில் வந்தார். ஆனாலும் அன்றைக்கு ஓர் அதிகாரி அவன் பெயரை உரக்கப் படித்து, இன்னார்தானே என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டது அவனுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஓட்டு அவன் மனதில் முள்ளாகத் தைத்தது பெயின்டர் செத்த பிறகுதான். பெரியவன் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் பதினோரு வருடம் படுத்திருந்த மனிதன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் சாயங்கால டீக்கு எழுந்திருக்கவில்லை. உடலை ஊருக்கு அனுப்ப ஊரிலிருந்து ஒரு முத்திரை வரவேண்டும் என்றார்கள். முத்திரை வரவில்லை. பெயின்டரின் மனைவி ஃபோனில் அழுதாள். பெரியவன் அவர்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டான். அவனுக்கும் அதே தொகுதிதான். உதவியாளன் மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"இறந்தவரோட வாக்காளர் எண் சொல்லுங்க சார்."

பெயின்டரின் பையில் பழைய அட்டை ஒன்று இருந்தது. பெரியவன் எண்ணைப் படித்தான்.

"லிஸ்ட்ல இல்லையே சார். பத்து வருஷத்துக்கு மேல வெளியில இருக்கறவர்னு எடுத்திருக்காங்க. அப்போ இது எங்க தொகுதி விஷயம் ஆகாதே. தூதரகத்துல கேட்டுப் பாருங்களேன்."

பெரியவன் ஒரு நப்பாசையில் தன் எண்ணையும் சொல்லிப் பார்த்தான். அதுவும் பட்டியலில் இல்லை. முப்பத்தெட்டு நாள் பெயின்டர் பிணவறைப் பெட்டியில் கிடந்தான். உயிரோடு இருக்கிறவன் கேள்விக்குத்தான் மதிப்பில்லை, செத்தவனுக்காகக் கேட்டாலும் மதிப்பில்லை என்று அன்றைக்கு அவனுக்கு உறைத்தது. ஓட்டு இல்லாதவன் வீட்டு வாசலில் எந்தக் கட்சிக்காரன் செருப்பும் தேயாது. திரும்பப் பட்டியலில் ஏறிவிட வேண்டும் என்று அவன் முடிவு கட்டினான். வாழ்க்கையில் அவன் தானாகக் கட்டிய முடிவு அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

கேம்ப்பில் படிவம் என்றால் டைம்கீப்பர்தான். வருகைப் பதிவு எழுதுவது அவர் வேலை. ஊரிலிருந்து வருகிற அத்தனை படிவத்தையும் நிரப்பித் தருவது அவர் பெருமை. அறுபதை நெருங்கியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் படிப்பார். சட்டம் இதுதான் என்று விளக்கினார்: பத்து வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பெயர் தானாக விழுந்துவிடும். ஊரில் ‘நிலையான இருப்பிடம்’ இருக்கிறது என்று காட்டினால் திரும்பச் சேர்ப்பார்கள். விண்ணப்பதாரர் நேரில் இருக்கும்போது ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

"வீட்டுல இருக்கறவங்க ஒருத்தர் உறுதிமொழியில கையெழுத்துப் போடணும். இவருக்குன்னு ஒரு ரூம் இங்க எப்பவும் இருக்குன்னு. தம்பி போடுவான்ல?"

"போடாம? அந்த மாடியே நான் போட்டதுண்ணே."

டைம்கீப்பர் படிவத்தின் மேல்பாதியில் இருந்த அ பகுதியை ஸ்கேல் வைத்து ஒரு குறுக்குக்கோடு போட்டு அடித்தார். "இது நமக்கு இல்ல" என்றார். கீழே ஆ பகுதியை நிரப்பினார். பெரியவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டை யார் படித்துப் பார்க்கிறார்கள்? பதினாறு நாள் லீவு வாங்கினான். அதிகாரி வருகிற தேதி, அவன் போய் இறங்கியதற்கு அடுத்த வியாழக்கிழமை என்று செய்தி வந்தது.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனான். மாடியில் தெற்குப் பார்த்த அறை ‘பெரியவன் ரூம்’ என்று பெயர் வாங்கியது தளம் போட்ட வருடத்தில். இப்போது கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. சின்னவன் மனைவி ஃபோனிலேயே துணி வியாபாரம் செய்கிறாள். இரவு உடைகள் அடுக்கிய பொட்டலங்கள் ஜன்னல் உயரத்துக்கு ஏறியிருந்தன. ஒரு மூலையில் துணியைப் படம் எடுக்க வட்ட விளக்கும், இடுப்பு வரைக்குமான பிளாஸ்டிக் பொம்மையும் இருந்தன. இன்னொரு மூலையில் சின்னவன் மகளின் மேஜை. பதினேழு வயதுப் பெண், பரீட்சைக்குப் படிக்கிறாள்.

"நீங்க வர்றீங்கன்னு ஹால்ல பெட் போட்டிருக்கேன் மாமா. அங்கதான் காத்து நல்லா வரும்" என்றாள் சின்னவன் மனைவி.

காற்று வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடிக்கும்போது பெரியவன் படிவத்தை எடுத்து வைத்தான். சின்னவன் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலையில் இருப்பவன். எந்தக் காகிதத்தையும் எண்ணைத் தேடித்தான் படிப்பான். எண் எதுவும் இல்லாததால் முதலில் சும்மா பார்த்தான். பிறகு நிறுத்தி இன்னொரு தடவை பார்த்தான். ‘மேற்படி வீட்டில் விண்ணப்பதாரருக்கென ஓர் அறை நிலையாக ஒதுக்கப்பட்டுள்ளது என உறுதியளிக்கிறேன்’ என்று இருந்தது.

"நிலையாகன்னு போட்டிருக்கே."

"அது அவங்க அச்சடிச்சதுடா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"இருண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்."

பார்த்தது அவன் இல்லை, அவன் மச்சான். சின்னவன் மனைவியின் அண்ணன், வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. ஒரு காகிதத்தைக் கண்டால் அது பத்து வருடம் கழித்து எந்தக் கோர்ட்டில் போய் நிற்கும் என்று யோசிக்கிறவன். வீடு அப்பா வாங்கிய மனையில் நிற்பது. பத்திரத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரும் உண்டு. மேலே கட்டியதெல்லாம் பெரியவன் சம்பாத்தியம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. இப்போது ஒரு அரசாங்கக் காகிதம் வந்து சொல்லச் சொல்கிறது.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சின்னவன் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"தப்பா நினைக்காதண்ணே. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல. ஆனா மச்சான் என்ன சொல்றான்னா, அதுக்கு முன்னாடி நமக்குள்ள ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிட்டா நல்லதுன்றான். உன் பங்கை எனக்கு விட்டுக் கொடுத்த மாதிரி. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு?"

"எல்லாருக்கும்தான். நீ எப்படியும் இங்க வந்து இருக்கப் போறதில்ல. பொண்ணு வளந்துட்டா."

பெரியவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"எனக்கு இங்க ஒரு ரூம் இருக்குன்னு நீ எழுதித் தரணும்னா, எனக்கு இங்க ரூமே இல்லன்னு நான் முதல்ல எழுதித் தரணும். அதானே?"

"அது வேற பேப்பர்ண்ணே, இது வேற பேப்பர்" என்றான் சின்னவன். அவன் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் கொடுமை. தன் அண்ணனை ஏமாற்றுகிறோம் என்று அவன் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. மழைக்கு முன்னால் துணியை எடுத்து வைக்கிறவனின் முகம் அவனுக்கு.

சின்னவன் மனைவி குழம்பு ஊற்ற வந்தாள். "ஒரு ஓட்டுக்குப் போயி இவ்வளவு தூரம் செலவு பண்ணிட்டு வந்திருக்கீங்க. அது வீணாகக் கூடாதேன்னுதான் மாமா இவரு இவ்வளவு யோசிக்கறாரு" என்றாள். பெரியவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் தெருத்தெருவாக நடந்தான். கோபம் வராமல் இல்லை. இந்த வீட்டில் இருபத்து மூன்று வருடத்தில் அவன் படுத்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. அந்த அறைக்கு அவன் பெயர்தான் உண்டு, அவன் வாசனை கிடையாது. செங்கல்லும் சிமெண்டும் தம்பியுடையவை என்று இந்த ஊரே பழகிவிட்டது. பத்திரத்தில் ஒரு மூலையில் தன் பெயர் கிடப்பதால் என்ன ஆகப்போகிறது? ஓட்டு அப்படி இல்லை. அதில் பங்காளி கிடையாது. அவன் ஒருத்தன் பெயரை ஓர் அதிகாரி உரக்கப் படித்தாக வேண்டும். அவன் செத்தால் உதவியாளன் எண்ணைத் தேடும்போது எண் இருக்க வேண்டும். பெயின்டர் போல முப்பத்தெட்டு நாள் கிடக்க அவனுக்கு மனமில்லை.

நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம். ராத்திரி வந்து, "சரிடா, எழுதிடலாம்" என்றான்.

புதன்கிழமை பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். மச்சான் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்திருந்தான். பத்திரம் எழுதுகிறவர் மர பெஞ்சில் உட்கார்ந்து வேகவேகமாக வாசித்துக் காட்டினார். ‘இன்று முதல் மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது’ என்று வந்தது. அது எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரி. மச்சான் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். எழுத்தர் சலித்துக்கொண்டே கணினியில் திருத்தி மறுபடி அச்செடுத்தார். இப்போது ‘யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இருப்பிடமும் கிடையாது’ என்று இருந்தது.

"எதுக்கு அது?" என்றான் பெரியவன்.

"நாளைக்கு நீங்க அந்த உறுதிமொழியைக் காட்டி ரூம் கேட்கக் கூடாது பாருங்க. முன்னெச்சரிக்கைதான்" என்றான் மச்சான் சிரித்துக்கொண்டே.

வாரிசே இல்லாதவனின் வாரிசுகளுக்கும் சேர்த்துப் பெரியவன் கையெழுத்துப் போட்டான். பத்து விரலும் வைத்தான். கிரேன் லீவரைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோன ரேகை, கருவியில் பதியவில்லை. ஊழியர் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து நான்காவது தடவையில் பதிய வைத்தார். பதிவான நகல் சாயங்காலமே கைக்கு வந்தது. சின்னவன் அதைப் புது பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தான்.

வியாழக்கிழமை காலை வீடு அமர்க்களப்பட்டது. பொட்டலங்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. பிளாஸ்டிக் பொம்மை குளியலறைக்குப் போனது. சின்னவன் தன் கட்டிலைக் கழற்றித் தூக்கி வந்து பெரியவன் அறையில் பூட்டினான். அவன் மகள் பெரியப்பாவின் சட்டைகளை ஹாங்கரில் மாட்டினாள். எட்டுச் சட்டைதான் இருந்தது, இடைவெளி விட்டு மாட்டினால் அலமாரி நிறைந்த மாதிரி தெரியும் என்று அவளே யோசித்துச் செய்தாள். சுவரில் அவனுடைய பழைய பாஸ்போர்ட் படம் ஒன்றைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தாள்.

பெரியவன் வாசலில் நின்று அந்த அறையைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கென்று ஒரு கட்டில், அலமாரி, ஜன்னல், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. இப்படி ஓர் அறை நிஜமாகவே இருந்திருக்கலாம், யாருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது என்று தோன்றியது. கீழே இறங்கினான்.

சரிபார்ப்பு அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயது அம்மாள், மூட்டுவலி போலிருக்கிறது, படியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். அலமாரியைத் திறந்து பார்த்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

"இது யார் ரூம் பாப்பா?"

"பெரியப்பா ரூம்" என்றாள் சின்னவன் மகள். பெயர் அளவில் அது பொய்யில்லை.

அதிகாரி தலையாட்டிக்கொண்டு கீழே வந்து மேஜையில் கோப்பை விரித்தார். சின்னவன் உறுதிமொழியில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பெரியவன் மூச்சை விட்டான். அதிகாரி தன் பட்டியலில் விரலை ஓட்டி, "வீட்டுப் பத்திரம் நகல் ஒண்ணு கொடுத்துடுங்க. அதோட முடிஞ்சது" என்றார்.

சின்னவன் கடகடவென்று உள்ளே போய் பிளாஸ்டிக் உறையோடு வந்தான். "புதுசாவே இருக்கு மேடம். நேத்துதான் பதிஞ்சோம்" என்றான். வாத்தியாரிடம் முதல் மார்க் பேப்பரை நீட்டும் பையன் மாதிரி நீட்டினான்.

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார்.

"இருப்பிடமும் கிடையாதுன்னு இவரே எழுதிக் கொடுத்திருக்காரு. நேத்து தேதி."

"அது வேற பேப்பர் மேடம்."

"ரெண்டும் என் கோப்புலதான் வருது சார். இருக்குன்னு நீங்க சொல்றீங்க, இல்லன்னு அவர் சொல்றாரு. பதிவான பத்திரம்தான் எனக்குப் பெருசு. நான் எப்படிச் சேக்கறது?"

அம்மாள் விண்ணப்பத்தை முதலிலிருந்து புரட்டினார். முதல் பக்கத்தில் இருந்த குறுக்குக்கோட்டைப் பார்த்து அவர் புருவம் சுருங்கியது.

"இந்த அ பகுதியை ஏன் அடிச்சீங்க?"

"எங்களுக்கு அது இல்லன்னாங்க" என்றான் பெரியவன்.

"பத்திரத்துல பேர் இருக்கறவங்களுக்கு இது. பங்கு இருந்தாலே நிலையான இருப்பிடம்னு எடுத்துக்குவோம். யார் கையெழுத்தும் வேண்டாம், ரூமைப் பாக்கவும் வேண்டாம். பேர் இல்லாதவங்களுக்குத்தான் ஆ பகுதி." அவர் புதுப் பத்திரத்தை மறுபடி பார்த்தார். "நேத்து வரைக்கும் உங்க பேர் இருந்திருக்கே சார்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதை கேட்டிருப்பீர்கள். நெய் கிடைக்கும் என்று வெண்ணெயைத் தானம் கொடுத்தவன் கதை இது. பெரியவன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நாற்பது மாடியில் காற்று வீசி கிரேன் ஆடும்போது பிடிப்பது போல.

"இதை ரத்து பண்ண முடியாதாம்மா?"

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுப் போனா ஒரு மணி நேர வேலை. திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நான் கோப்பை மேல அனுப்பாம வச்சிருக்கேன். அதுக்குள்ள ரத்துப் பத்திரம் கொண்டு வந்தீங்கன்னா அ பகுதியிலயே சேத்துடறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அம்மாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். பெரியவன் தம்பியைப் பார்த்தான். தம்பி பத்திரத்தைப் பார்த்தான். சின்னவன் மனைவி பத்திரத்தை எடுத்து உறையில் போட்டாள். "பதிஞ்சதை உடனே போய் ரத்து பண்ணா என்ன நினைப்பாங்க" என்று பொதுவாகச் சொன்னாள்.

"தம்பி" என்றான் பெரியவன். "ஒரு மணி நேரம்டா. ஓட்டு ஏறினதும் மறுபடி எழுதித் தர்றேன். சத்தியமா."

"பாக்கலாம்ண்ணே" என்றான் சின்னவன்.

சாயங்காலம் கட்டில் கழற்றப்பட்டு மறுபடி கீழே போனது. "பாப்பாவுக்குப் பரீட்சை மாமா, அதான்" என்றாள் சின்னவன் மனைவி. பொட்டலங்கள் ஏறின. எட்டுச் சட்டையும் மடித்து ஹாலில் பெட்டி மேல் வைக்கப்பட்டிருந்தன.

வெள்ளிக்கிழமை சின்னவன் மச்சானிடம் கேட்க வேண்டும் என்றான். சனிக்கிழமை மச்சான் ஊரில் இல்லை என்றான். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டான். அன்றைக்கு மத்தியானம் அவன் மகள் பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, அடுத்த வருஷம் எனக்கு ஓட்டு வந்துரும். உங்களுக்குப் பதிலா நான் போடறேன். யாருக்குப் போடணும் சொல்லுங்க."

அந்த வீட்டில் அவன் கருத்தை ஒருத்தி கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டியலில் ஏறுவதைப் பற்றி அவ்வளவு யோசித்தவன், யாருக்கு என்று யோசித்திருக்கவே இல்லை. கேட்டுப் பழக்கம் இருந்தால்தானே சொல்லிப் பழக்கம் வரும்.

"உனக்கு யார் சரின்னு தோணுதோ அவங்களுக்குப் போடும்மா. அது உன்னோடது. யாருக்காகவும் போடாத" என்றான் கடைசியில். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பெரியவன் எழுந்தபோது சின்னவன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். மீட்டர் பார்க்கிறவன் ஆறரை மணிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்று பெரியவன் கேட்கவில்லை. பத்து மணிக்கு ஃபோன் போட்டான், எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கும் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அவன் தனியாகப் பதிவு அலுவலகத்துக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தான். தம்பிக்கு மனசு மாறி நேரே இங்கே வந்தாலும் வருவான் என்ற நினைப்பு, வெட்கங்கெட்ட நினைப்பு, ஆனால் இருந்தது. நான்கே முக்கால் வரைக்கும் இருந்தது. எழுத்தர் கணினியை அணைத்துவிட்டு, "யாருக்காக சார் காத்திருக்கீங்க?" என்று கேட்டபோது எழுந்து வந்தான்.

ஐந்து பத்துக்கு ஃபோனில் செய்தி வந்தது: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: நிலையான இருப்பிடம் இல்லை.

இரவு எட்டு மணிக்கு சின்னவன் வந்தான். கையில் ஒரு புது சூட்கேஸ் இருந்தது. சக்கரம் நான்கு பக்கமும் சுற்றும் என்று உருட்டிக் காட்டினான்.

"உன் பழைய பெட்டி கைப்பிடி போயிருந்துச்சேண்ணே. அதான்."

சின்னவன் எதிரே உட்கார்ந்தான். "ஓட்டுல என்னண்ணே இருக்கு. நானே இது வரைக்கும் ரெண்டு தடவைதான் போட்டிருப்பேன். லீவு விட்டா தூங்கத்தான் தோணுது" என்றான். பிறகு, "ஓட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. இது எப்பவும் உன் வீடுதான்" என்றும் சொன்னான்.

அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. பெரியவன் அதையும் பார்த்தான். அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தால் இவ்வளவு நாள் இருந்த இந்த உறவும் அறுந்துபோகும் என்று கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். மீதி லீவை ரத்து செய்துவிட்டு மறுநாளே விமானம் ஏறினான். பழைய பெட்டியில் கயிறு கட்டிக்கொண்டான். புதுப் பெட்டி ஹாலில் நின்றது.

கேம்ப்பில் டைம்கீப்பர் முழுக் கதையையும் கேட்டார். அ பகுதி என்று வந்த இடத்தில் கண்ணாடியை நெற்றியிலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"ஒன்பது வருஷமா இந்த ஃபாரம் எழுதறேன் பெரியவனே. நம்ம ஆளுங்க ஒருத்தன் பேர்லயும் வீடு இருந்து நான் பாத்ததில்ல. எல்லாரும் கட்டறான். அப்பன் பேர்ல, பொண்டாட்டி பேர்ல, மச்சான் பேர்ல. என் வீடே என் மாமனார் பேர்ல இருக்கு. அதான் கேக்கவே தோணல. கை தானா அடிச்சிருச்சு."

"நானும்தான் சொல்லலயே. மாடி நான் போட்டதுன்னு சொன்னேன். என் வீடுன்னு வாயில வரல."

வெளியே ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது. டைம்கீப்பர் என்ன செய்வது என்று தெரியாமல் தன் வேலைக்குத் திரும்பினார். வருடா வருடம் கம்பெனிக்கு நிரப்புகிற காகிதம் ஒன்றை இழுத்தார். தொழிலாளி இறந்தால் உடலைப் பெற்றுக்கொள்ள வேண்டியவரின் முகவரி கேட்கும் காகிதம். பெரியவனுக்குப் போன வருடம் எழுதியதையே பார்த்து எழுத ஆரம்பித்தார்.

"தம்பி வீட்டு அட்ரஸ்தானே?"

"வேண்டாம்."

"காலியா விட முடியாதுப்பா."

பெரியவன் யோசித்தான். பிறகு தொகுதி உறுப்பினரின் அலுவலக முகவரியைச் சொன்னான். பெயின்டருக்காக எத்தனையோ தடவை ஃபோன் போட்டு, மனுவும் அனுப்பியதில் தெரு, கதவு எண் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். டைம்கீப்பர் பேனாவை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக அது இல்லை.

"அங்க அனுப்பினா முதல்ல வாக்காளர் எண்ணைத்தானே கேப்பாங்க."

பெரியவன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"கேக்கட்டும்ண்ணே. பெட்டி மூடியைத் திறந்து என்கிட்டயே கேக்கட்டும்."